உமா ஓயா போய்ச் சேரும் கடலிலே

சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு வந்திருந்தார் எமது பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த ஓர் இளைஞர். தென் கரையில் ஒரு விடுதியில் வேலை. ஐப்பசி கடைசியில் போனவர், கிறிஸ்மசுக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்காமல் பருவம் முடிந்தபின்தான் திரும்பினார். லயத்து வாசலில் அமர்ந்து, வெள்ளைக்காரர்களோடு படகில் உதவியாளாகப் போன கதையைச் சொன்னார். ஆள் உயரத்துக்கு ஒரு மயில்மீன் தூண்டிலில் மாட்டியதாம். அரை மணி நேரம் போராடிப் படகருகே கொண்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு, தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு மீனைக் கடலுக்கே அனுப்பிவிட்டார்களாம்.

கேட்டுக்கொண்டிருந்த தாயார் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏன்பா, புடிச்ச மீன தண்ணியில விட்டுட்டு வரவா அந்த தொர அம்புட்டுக் காசு குடுக்குறாரு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்து விடக்கூடியதல்ல. கறிக்குக் கருவாடும் ரின் மீனும் வாங்கும் குடும்பத்தின் கேள்வி அது.

கடலும் பருவமும்

ஐரோப்பாவில் பனி மூடியிருக்கும் மாதங்களில் அங்குள்ளவர்கள் வெயிலைத் தேடி வருகிறார்கள். அந்த மாதங்களில்தான் எமது தென் கரையும் மேற்குக் கரையும் அமைதியாக இருக்கின்றன. கார்த்திகை தொடக்கம் சித்திரை வரை நீர்கொழும்பு, பெந்தோட்டை, மிரிஸ்ஸ ஆகிய இடங்களிலிருந்து படகுகள் போகலாம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் அந்தக் கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் அமைதியாகும். நீர்கொழும்பு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கிழக்குக்கு வாடி மாற்றிப் போனது இந்தக் காற்றின் கணக்கைப் பார்த்துத்தான். இன்று உல்லாசப் பயணத்துறையும் அதே கணக்கில் நடக்கிறது.

பெரிய மீன் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் உண்டு. தெற்கே தெவிநுவரப் பக்கம் கண்டமேடை மிக ஒடுங்கியது. சிறிது தூரம் போனாலே ஆழ்கடல் வந்துவிடுகிறது. திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய் வரை நீள்கிறது. ஆகவே சூரை, பாரை, சீலா, அறக்குளா, மயில்மீன் எல்லாவற்றையும் ஒரு காலைப்பொழுதில் போய்த் தேடிவிட்டு வரலாம்.

எமது வெலிமடைக்கும் இந்தக் கடலுக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். உமா ஓயா இயல்பாக மகாவலியில் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் புஹுல்பொல, டயரபா அணைகளில் தேக்கிய நீரில் ஒரு பங்கைச் சுரங்கத்தினூடாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்புகிறது. அது தென்கிழக்குக் கடலுக்குப் போகும் ஆறு. ஆக, எங்கள் மலையின் தண்ணீர் இன்று இரு கடல்களுக்கும் போகிறது. அந்தத் தண்ணீரோடு எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மண்ணும் உரமும் கிருமிநாசினியும் போகின்றன. பவளப்பாறையில் சேறு படிந்தால் அங்கே குஞ்சு மீன் தங்காது.

பிடிப்பதும் விடுவதும்

மீன்பிடிப்பை விளையாட்டாகக் கொள்வது எங்கள் மலைக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத் துரைமார் தங்கள் நாட்டு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வளர்த்தார்கள். ஒஹியாவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் இன்றும் உண்டு. அந்த மீனுக்குத் தூண்டில் போட அக்காலத்தில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. துரையின் ஓடையும் தொழிலாளியின் பீலியும் ஒரே மலையில் இருந்தன. ஆனால் ஒரே உலகில் இருக்கவில்லை.

கடலில் இது அமைப்பு முறைக்கு வந்தது அமெரிக்காவில். 1898இல் கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள கற்றலீனாத் தீவில் சூரை பிடிப்போர் கழகம் ஒன்று தொடங்கியது. மெல்லிய கயிற்றாலும் தூண்டிற் கோலாலும் பிடித்து மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. 1939இல் இதற்கெனச் சர்வதேசச் சங்கமும் உருவாயிற்று. அக்காலத்தில் பிடித்த மீனைக் கரையில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதே பெருமை. பெரிய மீன்கள் அருகத் தொடங்கிய பின்னரே விட்டுவிடும் வழக்கம் பரவியது.

விடுவதிலும் முறை உண்டு. வளைந்த வட்டத் தூண்டில் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலைக் கிழிக்காது. பெரிய மீனைப் படகினுள் தூக்காமல் நீரிலேயே பிடித்திருந்து, அது தெளிந்த பின் விட வேண்டும். படத்துக்காக நீண்ட நேரம் வெயிலில் கிடத்திய மீன், விட்டாலும் செத்துப்போகலாம்.

தாயாரின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. சந்தையில் விற்ற மீன் ஒரு முறை காசு தரும். உயிரோடு விட்ட மீன் மறுபடியும் ஒருவரைப் படகு ஏற்றும்.

காசு எங்கே போகிறது?

மற்றப் பாதி விடை கசப்பானது. வெளிநாட்டவர் கொடுக்கும் பணத்தில் முதற் பங்கு முகவருக்கும் விடுதிக்கும். அடுத்தது எரிபொருளுக்கும் இயந்திரத்துக்கும். பிறகு படகுச் சொந்தக்காரர், ஓட்டி. தூண்டில் கட்டி, படகைக் கழுவி, வாந்தி எடுத்தவரைத் தாங்கிப் பிடித்த பையனுக்குக் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் சந்தோசக் காசுதான்.

படகுச் சொந்தக்காரர் அந்தக் கரை மீனவராக இருந்தால் காசு ஊருக்குள் சுற்றும். வெளியிலிருந்து முதலீடு வந்தால் மீனவரும் கூலியாளாகிறார். கற்பிட்டித் தீவுகளில் உல்லாசப் பயண வலயத்துக்கென நிலம் ஒதுக்கப்பட்டபோது, கடற்கரைக்குப் போகும் வழியே அடைபடுமோ என்று மீனவக் குடும்பங்கள் குரல் எழுப்பியதை மறக்கலாகாது.

இன்னொன்று, இந்தத் தொழில் நொறுங்கக்கூடியது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் அடுத்து வந்த கொரோனாவும் அதைச் சரித்தன. 2021இல் இரண்டு இலட்சமும் தேறவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் வேலையிழந்து மலையேறி வந்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

மலையிலிருந்து போகும் பிள்ளைகள்

ஏன் போகிறார்கள் என்று குறைகூற எமக்கு உரிமையில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கொழுந்துக் கூடையைத் தாயின் முதுகில் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு வழி தேடுவது இயல்பு. கவலை அவர்கள் போவதில் அல்ல. எதுவும் கையில் இல்லாமல் போவதில்தான்.

அந்த இளைஞரிடம் மூன்று கேள்வி கேட்டேன். நியமனக் கடிதம் உண்டா? இல்லை. ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? தெரியாது. நீந்தத் தெரியுமா? சிரித்தார். "எங்க ஓடையில முழங்கால் அளவுதானே, சாமி!"

ஆறு மாதம் ஆழ்கடலுக்குப் போய்வந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. உயிர்காப்பு மேலங்கி வெளிநாட்டவருக்குத்தான் முதலில் கொடுக்கப்படுமாம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: தற்காலிகத் தொழிலாளியானாலும் சேமலாப நிதி அவருக்கு உரியது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். முதற் சம்பளத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

இரண்டு: மேலங்கி இல்லாமல் படகில் ஏறுவதில்லை என்று தோழர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் வேலை போகும். எல்லோரும் சொன்னால் மேலங்கி வரும்.

மூன்று: பருவம் முடிந்து ஊரில் இருக்கும் மாதங்களை வீணாக்கலாகாது. ஆங்கிலப் பேச்சும் படகு இயந்திரம் திருத்தும் வேலையும் கற்றவர் அடுத்த பருவத்தில் உதவியாளாகப் போகமாட்டார்.

நான்கு: ஊரில் இருக்கும் நாம் சரிவுகளில் கல்வரம்பு கட்டி மண்ணை நிறுத்துவோம். எமது வயிற்றுக்கும் அது நல்லது, கீழே உள்ளவர்களின் மீனுக்கும் நல்லது.

ஐப்பசி வந்தால் அந்தப் பிள்ளை மீண்டும் பஸ் ஏறுவார். மீனைக்கூட உயிரோடு திருப்பி விடப் பழகிய கடலிலிருந்து அவரும் உயிரோடும் உரிமையோடும் திரும்பி வர வேண்டும். தாயாரின் கேள்விக்கு நாம் கொடுக்க வேண்டிய முழு விடை அதுதான்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது தோட்டத்திலிருந்து கரையோரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் உண்டு?

2. எமது ஓடையில் நாம் கலப்பது எந்தக் கடலுக்குப் போகிறது?

3. அடுத்த பருவத்துக்கு முன் அவர்களுக்காக நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?