மும்மொழி பேசும் கல்

காணக் கனவு காணும் புராதன இடம் எதுவென்று கேட்டால் எகிப்தின் பிரமிட், ஜோர்தானின் பெட்ரா, ஸ்பெயினின் அல்ஹம்றா என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். கல்முனையில் இரவு பஸ் ஏறினால் மறுநாளே பார்த்துவிடக்கூடிய ஒன்றை மறந்துவிடுகிறோம். அதுதான் கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு.

1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்த இக்கல்லைச் சீனப் பேரரசரின் பெயரால் கொண்டுவந்தவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி செங் ஹே. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவான தேவேந்திரமுனை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல்களோ ஏறக்குறைய ஒன்றே. வணிகம் நாடி வந்தவர்கள் இத்தீவில் எவரெவர் மனதை வெல்ல வேண்டுமென அறிந்திருந்தார்கள். ஆனால் மரியாதை மட்டும் வரவில்லை. 1411இல் அதே கடற்படை இங்குள்ள ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றது.

பின்னர் மறக்கப்பட்ட கல், 1911இல் காலி நகரின் மதகொன்றில் கண்டெடுக்கப்பட்டது. மிக அதிகமாகத் தேய்ந்திருப்பது அரபெழுத்தில் அமைந்த பாரசீகப் பகுதிதான்.

வீசாவுக்கும் விமானத்துக்கும் கொழும்பு செல்லும் நம்மவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே! அரபுத் தமிழில் எழுதிப் படித்த மூத்தம்மாமாரின் பேரப்பிள்ளைகள் நாம். தமிழும் அரபெழுத்தும் 600 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கல்லில் அருகருகே இருப்பதை நாம் காணாவிட்டால் வேறு யார் காண்பது?