ஜன்னலுக்கு வரி!

வீட்டுக்கு வரி உண்டு. ஜன்னலுக்கு? இங்கிலாந்தில் அதற்கும் இருந்தது!

1696-ம் ஆண்டு, மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில் இந்த வரி வந்தது. பணக்காரன் வீட்டில் ஜன்னல் அதிகம். அவனே அதிகம் கட்டட்டும் என்பது சர்க்காரின் கணக்கு. தெருவில் நின்றே எண்ணிவிடலாம்!

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் நகரங்களில் ஒரே கட்டிடத்தில் பல ஏழைக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. அத்தனையும் சேர்த்து ஒரே வீடு என்று எண்ணினார்கள். வரி வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் சும்மா இருப்பாரா? செங்கல் வைத்து ஜன்னலை அடைத்துவிட்டார்! வரி மிச்சம் அவருக்கு. இருட்டும் புழுக்கமும் குடியிருந்தவர்களுக்கு. காற்றில்லாத அறைகளில் நோய் பரவுகிறது என்று டாக்டர்கள் முறையிட்டார்கள்.

155 ஆண்டுகள் கழித்து, 1851-ல்தான் வரி ஒழிந்தது. அடைத்த ஜன்னல்களைப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் பார்க்கலாம்.