உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேனில் தெரியாத நோய்

● “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர். சாப்பாடு இறங்கல, விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது.” இப்படி வருபவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு. ‘வருத்தமா இருக்கு’ என்று அவர்கள் வாயால் வருவது அபூர்வம்.

● மனம் இருண்டே கிடப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, கூடவே தூக்கமும் பசியும் கெடுவது: இவை இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே கோலம்தான். அதனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால் குழம்ப வேண்டாம்.

● மனச்சோர்வு மாத்திரைக்கு வழிகாட்டியது காசநோய் மருந்து! 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த காசநோயாளிகள் கலகலப்பாகிவிட்டார்கள். பசி வந்தது, சிலர் வராந்தாவில் ஆடவே செய்தார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் அந்த மருந்து பின்னர் கைவிடப்பட்டது. இன்றைய மாத்திரைகள் வேறு ரகம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது பிடிக்கும். நம்மவர்களோ நாலு நாள் போட்டுவிட்டு ‘கேக்கல’ என்று தூக்கிப் போடுகிறார்கள். சற்றுத் தேறியதும் தாங்களாகவே நிறுத்திவிடுவது அடுத்த தப்பு. மருத்துவர் சொல்படி அளவைக் குறைத்துக்கொண்டே வந்துதான் நிறுத்த வேண்டும்.

● பஸ் காசு இல்லாமல் மருத்துவமனைக்கு வர முடியாத நோயாளி ஒருவர் இறந்துபோனது, ஜிம்பாப்வே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவை உலுக்கியது. நாடு முழுக்கவே மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2006இல் ஹராரே நகரின் உம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டியும் வந்தவரும். எல்லாக் கஷ்டத்தையும் கேட்டுவிட்டு, ‘இதில் எதை முதலில் பார்ப்போம்?’ என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வது பாட்டியின் வேலை. 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான்.

● இந்தியாவில் 14416 ‘டெலி மானஸ்’ எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ‘செத்துடலாம்னு தோணுது’ என்று யாராவது சொன்னால் தனியே விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டு உடனே அழையுங்கள். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.

● மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அவருக்கே தெரியாமலிருக்கலாம்!