நான்கு ஆண்டு வேலையை ஐந்து மாதத்தில் முடிப்பவர்

2025 ஏப்ரல் 7 இரவு, சான் அன்டோனியோவில் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஹூஸ்டனை 65-63 என்று ஃப்ளோரிடா வென்றது. ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் டாட் கோல்டனுக்கு அப்போது வயது 39. அவர் முதலில் களமிறக்கிய மூன்று ‘கார்டு’ ஆட்டக்காரர்களும் (பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்துபவர்கள்) வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும் வந்தார்கள்.

முன்பெல்லாம் பள்ளி மாணவனைத் தேடிப் பிடித்து, நான்கு ஆண்டு வளர்த்துத்தான் பயிற்சியாளர்கள் பெயர் வாங்கினார்கள். அந்த வேலை எப்படி மாறியது? இன்று அதில் யார் நிலைக்கிறார்கள்?

முன்பு எப்படி இருந்தது?

1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை பட்டம் வென்றவர் யு.சி.எல்.ஏ.வின் ஜான் வுடன். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அவர் நடத்திய முதல் பாடம், காலுறை அணிவது எப்படி என்பது. காலுறையில் சுருக்கம் விழுந்தால் பாதத்தில் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும் என்பது அவர் கணக்கு. அங்கிருந்து பாடம் தொடங்க அவருக்கு நேரம் இருந்தது. பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவருடைய மாணவர் லூ அல்சிண்டர்கூட, அன்றைய விதிப்படி முதலாண்டு முழுக்கப் பிரதான அணியில் ஆட முடியவில்லை.

கல்லூரி மாற நினைத்தாலும் புது இடத்தில் ஒரு பருவம் சும்மா உட்கார வேண்டும். உதவித்தொகை தவிர வேறு பணம் கிடையாது. பயிற்சியாளர் எத்தனை கடுமையாக இருந்தாலும் மாணவர் பொறுத்துக்கொண்டதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம்.

என்ன மாறியது?

இரண்டு பூட்டுகள் உடைந்தன. முதலாவது, இடம் மாறுவதற்கான பூட்டு. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயரைப் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ 2018-இல் வந்தது. 2021-இல் ஒரு முறை மாறினால் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2024-இல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றார்கள்.

இரண்டாவது, பணத்துக்கான பூட்டு. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் என்று அதற்கு வரம்பு வைத்தார்கள்.

மாணவர்களுக்கு இது நியாயமாகவே கிடைத்த உரிமை. ஆனால் பழைய முறையில் ஊறியவர்கள் சிலருக்கு ஒத்துவரவில்லை. 2019-இல் வர்ஜீனியாவுக்குப் பட்டம் வாங்கித் தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 55 வயதில் விலகினார். இந்தச் சூழலுக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இன்று தேவைப்படும் திறமைகள்

ஒன்று, ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண். 2025-இல் போர்ட்டல் மார்ச் 24 அன்றே திறந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பகலில் அந்த ஆண்டு அணியை ஆட வைத்துவிட்டு, இரவில் அடுத்த ஆண்டு அணியைத் தேட வேண்டியிருந்தது. தனி ஒருவரால் இது ஆகாது. அதனால் கல்லூரிகள் தொழில்முறை அணிகளைப் போலப் பொது மேலாளர்களை வைத்துக்கொள்கின்றன. டியூக் 2022-லேயே ரேச்சல் பேக்கரை அந்தப் பதவியில் அமர்த்தியது. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிவதும் இப்போது பயிற்சியாளரின் திறமைதான். அதிகப் புள்ளி எடுத்தவரை வாங்குவது சுலபம். தன் ஆட்டமுறையில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று அறிந்து அதற்கேற்ற ஆளைக் கொண்டுவருவதுதான் கடினம்.

இரண்டு, வேகமாகக் கற்பிப்பது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாட்களில் 30 முழுப் பயிற்சிகளுக்குத்தான் அனுமதி. கோடைப் பயிற்சியைச் சேர்த்தாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பதினைந்து பேர் அணியாவதற்குச் சில மாதங்களே உண்டு. ஆகவே சிக்கலான உத்திகளைக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைத் தெளிவாகச் சொல்பவர் முந்துகிறார்.

மூன்று, இருப்பவரைத் தக்கவைப்பது. பர்டூவின் மாட் பெயின்டர் இதற்கு நல்ல உதாரணம். 2023 போட்டியில் அவருடைய அணி, தன் பிரிவில் கடைசியான பதினாறாம் தரவரிசையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் முதல் சுற்றிலேயே தோற்றது; ஊரே சிரித்தது. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஜாக் ஈடி கல்லூரியை விட்டுப் போகவில்லை. நான்காம் ஆண்டும் அங்கேயே ஆடினார். பெயின்டர் வெளியிலிருந்து லான்ஸ் ஜோன்ஸைக் கொண்டுவந்து குறையை நிரப்பினார். 2024-இல் பர்டூ இறுதி ஆட்டம் வரை போனது.

பெஞ்சைப் பாருங்கள்

இந்த மூன்றையும் ஒருசேரக் காட்டியவர் தெற்குக் கரோலினா மகளிர் அணியின் டான் ஸ்டேலி. 2023-இல் அரையிறுதியில் தோற்றதும், முதலில் களமிறங்கும் ஐந்து பேரையும் அவர் இழந்தார். அடுத்த பருவத்தில் அதே கல்லூரி 38 ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றது. ஓரிகனிலிருந்து வந்த டி-ஹினா பாவ்பாவ் அதற்கு உதவினார். ஆனால் அடித்தளமாக இருந்தவர்கள் கமிலா கார்டோசோவும் ரேவன் ஜான்சனும்தான். முந்தைய ஆண்டு அவர்கள் பெஞ்சிலிருந்து வந்து ஆடியவர்கள். போர்ட்டல் திறந்தே கிடந்தும் போகவில்லை.

நட்சத்திர ஆட்டக்காரர் ஒரு கல்லூரியில் இருப்பதற்குப் பணமும் புகழும் போதும். குறைவாக ஆடுகிறவர் அங்கேயே இருக்க வேண்டுமானால், தன் முறை வரும் என்று அவர் நம்ப வேண்டும். அதுவரை தான் வளர்கிறோம் என்பது அவருக்கே தெரிய வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த விதியும் இப்போது வாங்கித் தருவதில்லை. அடுத்த மார்ச்சில் ஆட்டம் பார்க்கும்போது எட்டாவது, ஒன்பதாவது ஆளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் நவம்பரில் அவர் அதே சட்டையில் வருகிறாரா என்று பார்த்தால், பயிற்சியாளரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.