வினாத்தாளும் லயன் வாசலும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. தோட்டத்து லயன்களுக்கு அண்மையிலேயே சிங்களக் கிராமங்கள் அமைந்துள்ளன. இங்கு சமூக ஆய்வு நிகழ்த்தச் செல்பவர், பிறரை வினவுமுன் தம்மையே சில வினாக்கள் வினவிக்கொள்ளல் வேண்டும்.

தம்மை மக்கள் யாரெனக் கருதுவர் என்பது முதல் வினா. “எங்கே பிறந்தீர்கள்? பெற்றோர் எப்போது வந்தனர்?” என்பவை ஆய்வாளருக்குச் சாதாரணக் கேள்விகள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், தோட்ட மக்களுக்கோ அவை வாழ்வையே நிர்ணயித்த கேள்விகள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஆதலின், பதிவேட்டுடன் வருபவரைக் கண்டு தயங்குவது அறியாமையன்று. அனுபவம் கற்பித்த விவேகமே.

அனுமதி யாருடையது என்பது இரண்டாம் வினா. தோட்டத்துக்குள் நுழையத் துரையின் இசைவு வேண்டும். ஆனால் அது தொழிலாளியின் சம்மதமாகிவிடாது. கண்டக்டர் அருகில் நிற்க, “சரி” என்று சொல்பவர் மனமுவந்து சொன்னாரா? தன்னிச்சையான சம்மதமே முதற் கடமை என 1947இல் நூரம்பேர்க் தீர்ப்பு வகுத்த நெறி, மருத்துவச் சோதனைகளுக்கு மட்டும் உரியதன்று. லயனின் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் செவிமடுக்கிறது. பெயரை மறைத்தாலும், தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதினால் ஆளைத் தோட்டம் அறிந்துகொள்ளும்.

துயரத்தை எவ்வாறு கேட்பது என்பது மூன்றாம் வினா. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களை இப்பகுதித் தோட்ட மக்கள் அனுபவித்தவர்கள். மானிடவியலாளர் ஈ. வாலண்டைன் டேனியல் 1983இல் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டவே இலங்கை வந்தார்; ஆனால் வன்செயலின் கதைகளைக் கேட்க நேர்ந்தது. அவற்றை ஆராய்ந்த அவரது நூல் 1996இல் வெளிவந்தது. உலகுக்குச் சொல்லுமாறு வேண்டியோரும், எவருக்கும் சொல்லவேண்டாமென மன்றாடியோரும் அவர்முன் இருந்தனர்.

இவ்விரு வேண்டுகோள்களையும் ஒரே விதியால் தீர்த்தல் இயலாது. எனினும் ஒன்று தெளிவு: கதை சொன்னவருடையது, ஆய்வாளர் அதன் காவலரே. எழுதியதை அம்மக்களிடமே மீண்டும் கொண்டுசென்று, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, வேண்டாமென்றதை நீக்கும் துணிவுடையவரே அந்த வாசலில் அமரத் தகுதியுடையவர்.