கிட்டங்கித் தாம்போதியில் ஒரு காலைப்பொழுது

கல்முனையிலிருந்து மேற்கே சவளக்கடைக்குச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடத்தல் வேண்டும். மாரியில் வெள்ளம் அதற்கு மேலாகப் பாய்ந்து போக்குவரத்தைத் தடுப்பதுண்டு. பெரும்போக அறுவடை ஓயுந் தறுவாயில், குடும்பத்துடன் மோட்டார் வண்டியில் அவ்வழியே சென்ற நாங்கள், இருமருங்கும் நீரும் பன்னும் படர்ந்திருந்த அவ்விடத்தில் வண்டியை நிறுத்தினோம்.

நத்தைக்குத்தி நாரைகள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அலகு இரண்டும் நடுவிலே பொருந்தாது இடைவெளி விட்டிருக்கும் விந்தையைக் கண்ட என் இளைய மகள், "பாவம், வாய் மூடமுடியாத பறவை" என்றாள். ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் நத்தையை எடுத்துண்பதற்கு உதவும் அலகு அது என்று விளக்கினேன். நீலத் தாழைக்கோழிகளோ எங்களைப் பொருட்படுத்தாமல் பன்னிடையே நடைபயின்றன.

சவளக்கடையைத் தாண்டியதும் முதியவர் ஒருவர் கைகாட்டினார். அறுத்த வயல் வட்டைக்கு அப்பால், பற்றையோரமாக, ஏழெட்டு யானைகள்! அவற்றுள் ஒன்றுக்கேனும் கொம்பில்லை. இலங்கையில் ஆண் யானைகளிற் பெரும்பாலானவை கொம்பற்ற அலியன்களே. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். அறுவடை முடிந்த வயலை நாடி அவை வருவதில் வியப்பென்ன? "உங்களுக்கு வேடிக்கை, சேர். எங்களுக்கு ஒரு போகத்து உழைப்பு" என்றார் முதியவர். கதிர் முற்றுங் காலத்தில் பரணிலே யானை வெடியுடன் கண்விழித்திருக்கும் கையல்லவா அது! நான் மறுமொழி சொல்லவில்லை.

பின்னர் திரும்பிவந்து, சாய்ந்தமருது, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களூடே தெற்கே சென்று, ஒலுவிற் கடற்கரையில் நண்பகலுணவுக்கு அமர்ந்தோம். மணலும் அலையோசையுமன்றி வேறெதுவுமில்லாத அமைதி. பொதிச்சோற்றை உண்டு முடித்தபோது, பொலித்தீன் உறையொன்றைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. மூத்தவன் ஓடிப் பிடித்துவந்தான்.

அவ்வேளை எனக்குப் பள்ளக்காடு நினைவுக்கு வந்தது. ஒலுவிலுக்கு மேற்கே உள்ள இடம் அது. சுற்றுமுள்ள ஒன்பது ஊர்களின் கழிவைக் கொட்டுவதற்கு 2008இல் ஐரோப்பிய உதவியுடன் ஏற்படுத்தப்பட்டது. கழிவு மீள்பயன்பாட்டுக்கு உட்படுத்தப்படாமல் குவிந்தது. 2014இல் மின்வேலியை இடி தாக்கியது, வேலி திருத்தப்படவில்லை. உணவு வாசனைக்கு வந்த யானைகள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்துகிடந்தன. அதற்கு முந்திய எட்டாண்டுகளில் இவ்வாறு மடிந்தவை ஏறத்தாழ இருபது. இறந்த யானைகளை அறுத்துப் பார்த்தவர்கள், வயிற்றினுள்ளே உக்காத பிளாஸ்டிக்கையே மிகுதியாகக் கண்டனர். இயல்பான உணவைக் காணவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த காட்டு யானைகள் 5,879. வயலுக்குள் வந்த யானையை விரட்டுவோரைக் குறைகூறும் நாம், நம் வீட்டு வாயிலிற் கட்டிவைக்கும் பையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். உறைகளை ஒன்றுவிடாது பொறுக்கி, வண்டியின் பின்பக்கத்தில் வைத்தோம். வீட்டுக்குச் சென்றதும் குப்பை வண்டியிற் போட்டுவிடலாம் என்றேன்.

"அந்த வண்டி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும், அப்பா?" என்று கேட்டாள் இளையவள்.