விருப்பப் பட்டியல்: பொறியியல் கலந்தாய்வில் முடிவெடுக்கும் முறை

தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட 2007 முதல், பொறியியல் கல்லூரி இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுக்கப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுச் சேர்க்கப்படும். கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றவரின் கட் ஆஃப் 200க்கு 172. இதன்படி தரவரிசை வெளியாகும். இடங்களில் 69 சதவீதம் இட ஒதுக்கீட்டுக்கு உரியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. மாணவர் கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து, விருப்ப வரிசையில் எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். அவருடைய முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்கும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினாலும் கீழே உள்ளவற்றுக்கான வாய்ப்பு குறையாது. எனவே கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி வரிசையை மாற்றத் தேவையில்லை. பட்டியலைச் சுருக்கமாக முடித்துக்கொள்வதுதான் ஆபத்து. மேலே உள்ளவை நிரம்பிவிட்டால் கலந்தாய்வின் அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது எதிர்கால வேலை. நெடுஞ்சாலைத் துறையிலோ பொதுப்பணித் துறையிலோ உதவிப் பொறியாளராக விரும்புபவருக்கு சிவில் பொருந்தும். பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் பார்த்து ஆள் எடுப்பதால், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரிவுகளுக்கு அந்த வழியும் திறந்திருக்கிறது. ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. நிரல் எழுதுவதில் நாட்டமில்லாதவருக்கு நான்கு ஆண்டுகள் மிக நீளமானவை.

கல்லூரியை எடைபோட, முந்தைய ஆண்டுகளின் கட் ஆஃப், தேர்ச்சி விகிதம், ஆய்வக வசதி, கட்டணம், வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும், என்பிஏ சான்று தனித்தனிப் பாடப்பிரிவுக்கும் தரப்படுகிறது. ஆகவே, சேர விரும்பும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முடிந்தால் நேரில் சென்று, அங்கே படிக்கும் மாணவர்களிடம் விசாரிப்பது நல்லது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறித்த நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தவறினால் இடம் போய்விடும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே வேறொருவருக்குப் போகும். அதனால் உண்மையில் விரும்பாத எதையும் பட்டியலின் மேல்பகுதியில் வைக்கக் கூடாது.